வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாமா?

2024 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருக்கும் இளந்தாய் ஒருத்தி தன் மகனையும் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள். பையனுக்குப் பத்து வயது நடக்கிறது. தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் பத்து நாளாகப் பாடசாலைக்குப் போகவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்களாம். அவனால் வாசிக்க முடியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்களாம். ரியூஷனுக்கு விட்டால்தான் சரிவரும் என்று தாயிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரியூஷனுக்குக் காசில்லை. அவளது தமையனோ, "பொடியனை என்னோட விடு, லான்ட்மாஸ்ரர் ஓட்டப் பழகட்டும்" என்கிறாராம்.

"பெரியம்மா, இவனை நான் வீட்டிலயே வைச்சுப் படிப்பிக்கட்டே? நீங்கள் உங்கட பிள்ளையை அப்பிடித்தானே படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஓமென்று சொன்னாலும் பிழை, இல்லையென்று சொன்னாலும் பிழை. அன்றிரவு யோசித்ததையும் அதன் பின்னர் அந்தப் பையனிடம் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணவனை இழந்தோ, காணாமற்போகக் கொடுத்தோ, கைவிடப்பட்டோ தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் நம்மிடையே நிறையப் பேர். சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவர்கள். முதலில் அவர்களுக்காகவே எழுதுகிறேன். தாயில்லாப் பிள்ளைகளை வளர்க்கும் தகப்பன்மாரும் பேரன், பேத்திமாரும் தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று வாசிக்கலாம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிறந்தது வலிகாமம் வடக்கில், செம்மண் தோட்டக்காரர் வீட்டில். 1990 ஆனியில் ஒரு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். 1993 இல் கணவர் செல்லடியில் போய்விட்டார். 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு, மழைக்குள், எல்லாரும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது என் மகள் ஆண்டு 1 இல் படித்துக்கொண்டிருந்தாள். 1996 இல் கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்கு வந்தோம். அதே ஆண்டு கிளிநொச்சியில் சண்டை தொடங்க அங்கிருந்தும் எழும்பி அக்கராயன் பக்கம் ஒரு காட்டோரத்தில் தறப்பாள் கட்டினோம். 1995 ஐப்பசி தொடக்கம் 1998 தை வரை அவள் படித்த பள்ளிக்கூடம் அந்தத் தறப்பாள்தான். ஆசிரியை நான்.

விரும்பிச் செய்த வேலை அல்ல அது. கிட்ட இருந்த பாடசாலையின் கட்டடங்களில் நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்து கிடந்தன. வகுப்பு நடத்த இடமில்லை. போதாக்குறைக்கு மலேரியா. மகளுக்கு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் காய்ச்சல். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் மிளகாய் ஆயவும் கச்சான் பிடுங்கவும் போகவேண்டும். அவளையும் கூட்டிக்கொண்டு போய் வரம்பில் இருத்திவிட்டு வேலை செய்தேன்.

புத்தகம் இல்லை. என்னிடம் இருந்த எழுத்து மூன்றே மூன்று. ஒரு பழைய பஞ்சாங்கம், நிவாரண அட்டை, சொப்பின் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த காணி உறுதி. பஞ்சாங்கத்தின் எழுத்து சின்னது, அவளுக்குப் பிடிக்கவில்லை. நிவாரண அட்டையில் பெயர்களையும் வயதையும் ஒரே நாளில் வாசித்து முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது உறுதிதான்.

நொத்தாரிசுமாரின் தமிழ் எப்படியிருக்கும் என்று உறுதி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வசனம் தொடங்கினால் பக்கம் முடியும்வரை முற்றுப்புள்ளி வராது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை வாசிக்கக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவள் அதில் எங்கள் பெயர்களைக் கண்டாள். தகப்பனின் பெயர், பேரனின் பெயர், ஊரின் பெயர், காணியின் பெயர். எங்கள் ஊரில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கும் அல்லவா? பெயரைக் கண்டதும் பிள்ளைக்கு ஆசை பிறந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வாசித்தோம்.

"4 பரப்பு 9 குழி" என்ற இடத்தில் நிறுத்தி, "குழி எண்டால் கிடங்கே அம்மா?" என்று கேட்டாள். அன்று கணக்குப் பாடம் தொடங்கிற்று. 18 குழி ஒரு பரப்பு. அப்படியானால் 9 குழி அரைப் பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படியானால் 4 பரப்பு காலேக்கர். பரப்பு ஒன்றுக்குப் 10 பேர்ச். அப்படியானால் நம்முடையது 45 பேர்ச். புளியங்கொட்டையை வைத்து எண்ணி எண்ணி அவளே பிடித்துக்கொண்டாள். பிறகு "கிணற்றில் நாலில் ஒரு பங்கு" வந்தது. நாலு குடும்பத்துக்கு ஒரு கிணறு, நாலு நாளைக்கு ஒரு முறை நம் தண்ணீர் முறை வரும் என்று சொன்னேன். பின்னத்தை அவள் இதற்குமேல் யாரிடமும் படிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லைகளை வாசித்தபோது நிலத்தில் தடியால் கீறினோம். கிழக்கே ஒழுங்கை, வடக்கே பெரியப்பாவின் காணி, கிணற்றுக்கு ஒரு கல், பனைகளுக்குப் பனங்கொட்டை. கைக்குழந்தையாக வந்தவள், அந்த நிலத்தைக் கண்ட நினைவே அவளுக்கு இல்லை. ஆனாலும் படலைக்குள் நுழைந்தால் கிணறு எந்தக் கைப்பக்கம் என்று கேட்டால் சொல்லுவாள்.

எழுதுவதற்குச் சுளகில் தவிடு பரப்பி விரலால் எழுதுவோம். பிழைத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், பலகை புதிது. விளக்கு ஜாம்போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலையில் அதுவும் அரை மணித்தியாலம்தான். ஆகவே படிப்பில் பெரும்பகுதி அடுப்படி வெளிச்சத்தில் நடந்தது.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். 1997 இல் ஒரு காணிக்காரரிடம் மிளகாய் ஆயப் போனேன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கூலி. நான் பதினொரு நாள் வேலை செய்தேன், அவர் ஒன்பது என்றார். நான் வாய் திறக்கமுன் மகள் தன் கலண்டர்த் தாளை விரித்தாள். பின்பக்கத்தில் நாள்வாரியாக எழுதியிருந்தாள். "செவ்வாய். அம்மா மிளகாய் ஆய்ந்தா. எனக்குக் காய்ச்சல்." இப்படி ஒவ்வொரு நாளும். அவர் வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பதினொரு நாளுக்கும் எண்ணித் தந்தார். அடுத்த தடவை தொடக்கம் மற்றப் பெண்களும் தங்கள் நாட்களை அவளிடம் வந்து சொல்லி எழுதுவித்தார்கள். படிப்பு எதற்கு என்று அந்தப் பிள்ளைக்கு நான் அதன் பிறகு ஒருநாளும் விளக்கவில்லை.

இதுவரை வாசித்தவர்கள், "பிறகென்ன, வீட்டிலேயே படிப்பிக்கலாம்தானே" என்று நினைப்பீர்கள். அயலவளும் இந்தப் பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். மற்றப் பாதியை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை.

1997 தொடக்கத்தில் அந்தப் பாடசாலை மரங்களின் கீழ் இரண்டு நேரமாக நடக்கத் தொடங்கிவிட்டது. தொண்டர் ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் படிப்பித்தார்கள். ஒரு ஆசிரியை எங்கள் தறப்பாளுக்கே வந்து பிள்ளையைக் கேட்டா. நான் விடவில்லை. 1995 புரட்டாதி 22 இல் நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்து பிள்ளைகள் மாண்ட செய்தி என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. விமானச் சத்தம் கேட்கும்போது பிள்ளை என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். அது நியாயமான பயம்தான். ஆனால் முழு உண்மையும் அது அல்ல. வேலை செய்யும் இடத்தில் பேச்சுத் துணைக்கு, தண்ணீர் எடுத்துத் தர, இரவில் தனிமைக்கு, அவள் எனக்குத் தேவைப்பட்டாள். "நான்தான் நல்லாப் படிப்பிக்கிறேனே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனித்திருக்கும் தாய்மார் இந்த இடத்தில் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு நாள் வாசிப்பில் தடுக்கியதற்கு ஈர்க்கால் அடித்தும்விட்டேன். வேலைக் களைப்பு. அதன்பின் ஒரு கிழமை அவள் உறுதியைத் தொடவில்லை. அடிக்கும் ஆசிரியரிடமிருந்து பிள்ளை வீட்டுக்கு ஓடி வரலாம். அடிக்கும் தாயிடமிருந்து எங்கே ஓடும்?

1998 தையில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது வயதின்படி ஆண்டு 4. ஆனால் இடாப்பில் இரண்டு வருடமாகப் பெயரில்லை, ஆண்டு 2 க்குரிய புத்தகத்தைக் கண்டதுமில்லை. ஆண்டு 2 இல் இருத்தினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, தலை ஒரு முழம் உயரமாக. வாசிப்பில் அவளை வெல்ல ஆளில்லை. ஆனால் வாய் திறக்கமாட்டாள். மற்றப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கத் தெரியாது, சேர்ந்து சிரிக்கத் தெரியாது. விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது என் கையைத் தேடியவள் என்று ஆசிரியை பின்னர் சொன்னா. அது மாற மூன்று வருடம் சென்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை இரண்டு வருடம் பிந்தி 2007 மார்கழியில் எழுதினாள், சித்தியடைந்தாள். உயர்தரம் தொடங்கிய கையோடு 2008 இல் வன்னியில் மறுபடி இடப்பெயர்வு. 2009 வைகாசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தோம். படிப்பு அதோடு நின்றது. அந்த இரண்டு வருடம் பிந்தியிராவிட்டால் யுத்தம் முற்றுமுன் உயர்தரம் முடித்திருப்பாள். இந்தக் கணக்கை அவள் ஒருநாளும் என் முன்னால் போட்டுப் பார்த்ததில்லை. நான் போட்டிருக்கிறேன்.

இப்போது அவள் தையல் தைக்கிறாள், எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராகக் கணக்கு வைத்திருக்கிறாள். ஒரு சதம் பிசகாது.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டில் படிப்பிக்க ஏழைத் தாயால் முடியும். எட்டாம் வகுப்புப் படித்தவளாலும் முடியும், படியாதவளாலும் ஓரளவு முடியும். ஆனால் பாடசாலையை விட்டு நிறுத்தி வீட்டில் படிப்பிப்பது, பாடசாலை உண்மையாகவே இல்லாத காலத்துக்கு மட்டும். பாடசாலை இருக்கும்போது பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கவேண்டும், பிள்ளை வாங்கில் இருக்கவேண்டும். வீட்டுப் படிப்பு அதற்கு முண்டு.

சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் வந்த ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்ந்தது. போதுமான வேறு ஏற்பாடு செய்துள்ள பெற்றோருக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. கொழும்பில் வசதியுள்ள சிலர் ஆசிரியர்களை வீட்டுக்கு அழைத்து, வெளிநாட்டுப் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறார்கள். அவர்களுக்கு அது சரியாயிருக்கலாம். நமக்கு அந்த வழியில் கிடைப்பதைவிட இழப்பது அதிகம். 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். இத்தனையும் பாடசாலை வாசலால்தான் வருகின்றன. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வீட்டில் கொப்பி, புத்தகம் எல்லாம் காசுக்கு வாங்குவது கூலிக்காரிக்குக் கட்டுப்படியாகுமா?

அயலவளிடம் மறுநாள் போய் இதைத்தான் சொன்னேன். "அப்ப அவன் வாசிக்கத் தெரியாமல் அங்க போய் இருந்து என்ன செய்யிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் பையன் தரம் 1 இல் சேர்ந்த ஆண்டு 2020. பங்குனியில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டினார்கள். நடுவில் சிறிது காலம் திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். 2021 ஐப்பசியில்தான் சிறிய ஆரம்பப் பாடசாலைகள் மீளத் திறக்கத் தொடங்கின. வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்களாம். அவளிடம் இருந்தது பட்டன் போன். 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி பாடசாலை தடைப்பட்டது. அரிச்சுவடி படிக்க வேண்டிய வயதில் அரிச்சுவடி படியாமல், வகுப்பு மட்டும் ஏறி ஏறித் தரம் 5 க்கு வந்துவிட்டான். பிள்ளை மொக்கு இல்லை. அத்திவாரத்தில் இரண்டு வரிக் கல்லு வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று தரம் 6 இலும் 7 இலும் பல பாடசாலைகளில் பேசாமல் பின்வாங்கில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியது நம் எல்லாருடைய வேலை.

புலமைப்பரிசிலை மறந்துவிடு என்றேன். அது பிள்ளையைத் தடுத்து நிறுத்தும் பரீட்சை அல்ல. குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையும் தரம் 6 க்குப் போகும். அதற்காக ரியூட்டரிக்குக் கடன் வாங்கிக் கொடுக்கும் காசை வைத்துக்கொண்டு ஒரு ஆடு வாங்கலாம். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளையை வினாத்தாள் செய்யவைக்கும் ரியூஷன், விதை போடாத பாத்திக்குத் தண்ணீர் கட்டுவது போல.

பின்னேரம் ஒரு மணித்தியாலம் என்று முடிவு செய்தோம். அவள் சமைக்கும் நேரம்தான் அந்த நேரம். தனித் தாய்க்கு வேறு நேரம் எங்கிருந்து வரும்? பையன் அடுப்படியில் இருந்து சத்தமாக வாசிக்கவேண்டும், தாய் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்கவேண்டும். இதற்குத் தாய்க்கு எழுத்தே தெரியவேண்டியதில்லை.

முதற் கிழமை பையன் எழுத்துகளைக் கண்டு மிரண்டான். 247 எழுத்து என்று யாரோ சொல்லிப் பயப்படுத்தியிருந்தார்கள். உண்மையில் மனப்பாடம் பண்ண வேண்டியவை உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மிச்சம் 216 உம் இவற்றைக் கூட்டிக் கட்டுவதுதான். அரவு, விசிறி, கொம்பு பிடிபட்டால் பாதிக்கு மேல் ஓடிவரும். தடுக்குவது உகர, ஊகார வரிசையில். கு ஒரு மாதிரி வளையும், சு வேறு மாதிரி, து இன்னொரு மாதிரி. நம் பிள்ளைகளில் பலர் நிற்பது இந்த இடத்தில்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஆகவே அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் மூன்று கிழமை கொடுத்தோம். அதே சுளகு, அதே தவிடு. அவனுக்குத் தெரிந்த சொற்களாகவே எடுத்தோம். குளம், சுளகு, துலா, நுங்கு, புழு, முருங்கை. தன் வாயில் இருக்கிற சொல் எழுத்தாகிறதைக் கண்ட பிள்ளைக்கு அது விளையாட்டு.

வாசிக்க என்ன கொடுப்பது? கச்சான் சரை சுற்றி வரும் பத்திரிகைத் துண்டு. மின்சாரப் பட்டியல். பிரதேச சபை நூலகத்துப் படப்புத்தகம். உரப்பை. ஒரு நாள் அவன் கிருமிநாசினிப் போத்தலின் லேபலை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். அதில் மூன்று மொழியிலும் எழுதியிருப்பார்கள். மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று போட்டிருந்ததை வாசித்துவிட்டுத் தாயைப் பார்த்தான். முதல் நாள் அடித்த தோட்டத்திலிருந்து அன்று காலை வந்த கத்தரிக்காய் சட்டிக்குள் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவளுக்கு அந்த லேபல் என்ன சொல்கிறது என்று அன்றுவரை தெரியாது. யார் யாருக்குப் படிப்பிக்கிறார் என்று பாருங்கள்.

செலவு? பழைய சிலேற் ஒன்று என்னிடம் இருந்தது. கொப்பி மாதத்துக்கு ஒன்று. 2022 இல் கொப்பி விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும், ஆகவே கொப்பியில் சுத்தமாக எழுதவேண்டியதை மட்டும், பழக்கத்துக்கு எழுதுவது சுளகிலும் சிலேற்றிலும். கணக்குக்குக் கடைச்சாமான் துண்டையே எடுத்தோம். அவன் கூட்டிப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகுதான் தாய் காசு கொடுப்பாள். கடைக்காரருக்குச் சற்று எரிச்சல். பரவாயில்லை.

பாடசாலைப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். மூன்று தடவை அலைந்தாள். முதல் தடவை அதிபர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை அவளை வெயிலில் நிற்கவைத்து, பத்து நாள் வராததற்குக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கூலி ஒரு நாள் விட்டால் அடுப்பு ஒரு நாள் எரியாத வீடு அது என்று வாசலில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. மூன்றாம் தடவை நானும் போனேன். அதிபர் நல்ல மனிதர். இருத்திக் கேட்டார். வாசிப்புப் பாடவேளையில் மட்டும் பையனைத் தரம் 2 ஆசிரியையிடம் அனுப்ப ஒழுங்கு செய்தார். "அவன் சின்னப் பிள்ளைகளோடு இருந்து வெட்கப்படாமல், அவர்களுக்குக் கொப்பி பகிர்ந்து கொடுக்கிற அண்ணாவாகப் போகட்டும்" என்றார். என் மகளை 1998 இல் ஆண்டு 2 இல் இருத்தியவர்களுக்கு இந்த யோசனை வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! ஒரு பிள்ளை வாசிப்பில் பிந்தியிருந்தால் வாசிப்பில் மட்டும் கீழே இறக்குங்கள். பிள்ளையையே இறக்காதீர்கள். இதை எல்லா அதிபர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். வரவு குறைந்த பிள்ளையின் தாய் வாசலில் வந்து நின்றால் முதலில் ஒரு கதிரை கொடுங்கள், கடிதத்தைப் பிறகு கேளுங்கள்.

தாய்மாருக்கும் ஒரு சொல். பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். உண்மையாகவே பாடசாலையைத் தவறவிட்டு வயது போய்விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரம் எழுதலாம். அவர்களுக்கு வீட்டுப் படிப்புத்தான் வழி, அதற்கு ஊரிலுள்ள படித்த பிள்ளைகள் கைகொடுக்கவேண்டும். ஆனால் எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வழியைக் காட்டாதீர்கள். மாமன்மாருக்கு நான் சொல்வது, லான்ட்மாஸ்ரர் எங்கும் ஓடிப்போகாது.

2025 இல் பையன் தரம் 6 க்குப் போனான். புலமைப்பரிசிலில் எடுத்த புள்ளியை நான் கேட்கவில்லை. இப்போது வாசிக்கிறான், மெதுவாகத்தான். இன்னும் ஊகாரம் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்பான். பிள்ளைகள் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிக்கிறானாம். அது எனக்கு வாசிப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் காணி இன்னும் விடுபடவில்லை. உறுதி மடிப்பில் கிழிந்து இப்போது நாலு துண்டாக இருக்கிறது, பின்னால் துணி ஒட்டி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் பையன் அதைக் கேட்டான், கொடுத்தேன். "4 பரப்பு 9 குழி" வரை வந்து நிமிர்ந்து பார்த்தான். குழி என்றால் கிடங்கா என்றுதான் அவனும் கேட்டான்.

எங்கள் அடுப்படியில் இப்போது ஐந்து பிள்ளைகள் வந்து இருக்கிறார்கள். புளியங்கொட்டை போதும், தவிடும் போதும். தாள்தான் குறைவு. ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் வெறுமையாகக் கிடக்கும் தாள்கள் அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை செய்பவர்களிடம் இருக்கும். உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அடுப்படி இருக்கும். எரிக்காமல் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.